எலும்பும் கேட்க உதவும்



காது மடலும் துளையும் சரியாக உருவாகாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. 'வளரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் மொழி பிடிபடுவது முதல் சில ஆண்டுகளில்தான். குழந்தை வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லவே இந்தப் பக்கம்.

காதுத்துளை, செவிப்பறை, சிற்றெலும்புகள் வழியாக ஒலி உள்காதை அடைகிறது. மண்டை எலும்பு அதிர்ந்தாலும் அதே உள்காது கேட்கும். முதல் வழி அடைபட்டு, உள்காது நன்றாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டாம் வழி பெரிய வரம். சீழ் வடிவதால் காதில் மெஷின் செருக முடியாதவர்களுக்கும் இது பொருந்தும்.

எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பெர் இங்வார் பிரோனமார்க் கண்டறிந்தார். அதைக்கொண்டு 1977-ல் கோத்தன்பர்க் நகரில் ஆண்டர்ஸ் டியெல்ஸ்ட்ரோம் குழுவினர் முதன்முதலாகக் காதின் பின்னெலும்பில் திருகு பதித்துக் கேட்கும் கருவியை மாட்டினார்கள்.

இன்று பல வகைகள் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அறுவையே வேண்டாம்; மென்மையான தலைப்பட்டையில் கருவியைப் பொருத்தினால் போதும். காதின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. திருகு வகையில் அதிர்வு நேரே எலும்புக்குப் போவதால் ஒலி நன்றாகக் கேட்கும். ஆனால் திருகு தோலுக்கு வெளியே நீட்டியிருப்பதால், சுற்றியுள்ள தோலைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். காந்த வகையில் தோல் மூடியே இருக்கும்; அதிர்வு தோலைக் கடந்து போவதால் ஒலி கொஞ்சம் குறையும். புதிய வகையில் அதிரும் பாகமே தோலுக்கடியில் இருப்பதால் இந்தக் குறை இல்லை. உள்ளே காந்தம் உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு காது முற்றிலும் கேட்காதவர்களுக்கும் இது உதவும். கேட்காத பக்கத்து ஒலி எலும்பு வழியே நல்ல காதை அடையும். ஆனாலும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுகொள்வது சிரமமாகவே இருக்கும். இரண்டு உள்காதுகளும் பெரிதும் பழுதுபட்டிருந்தால் இக்கருவி பயன்படாது. அவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி மருத்துவர் சொல்வார்.

காது கேட்கும் சோதனைக்குப் போகும்போது, 'எலும்பு வழியாகவும் சோதித்துப் பாருங்கள்' என்று தயங்காமல் கேளுங்கள். அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், பட்டையில் கருவியை மாட்டிச் சில நாள் வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டா என்றும் விசாரியுங்கள். குழந்தை என்றால், காது கேட்கும் சோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்