கடையில் விழுந்தவர் ஏன் ‘வீட்டில் விழுந்தேன்’ என்று சொல்ல வேண்டும்?

மாதத்தின் முதல் ஞாயிறு. சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம் அலைமோதுகிறது. எண்ணெய் பாக்கெட் ஒன்று கசிந்திருக்கிறது. ரேக் அடுக்கும் பெண் அதில் கால் வைத்து விழுகிறார். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: “பார்த்து நடக்கக் கூடாதாம்மா?”

இந்தக் கேள்வியிலேயே பழி அவர் மேல் விழுந்துவிடுகிறது.

ஏன் விழுகிறார்கள்?

வழவழ டைல்ஸ், சிதறிய பருப்பு, ஃப்ரீசரில் இருந்து ஒழுகும் தண்ணீர், வியாபார நேரத்திலேயே போடும் மாப். மேல் தட்டு எட்டவில்லையா? ஏணி இருக்காது, பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏற வேண்டியதுதான். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தன் காலடியே தெரியாது. இதில் எது ஊழியரின் கவனக்குறைவு?

என்ன கிடைக்கும்?

தமிழகத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இதற்காக ஊழியர் சம்பளத்தில் 0.75% பிடிக்கிறார்கள், முதலாளி 3.25% கட்டுகிறார். வேலையில் அடிபட்டு சில நாட்கள் வேலைக்குப் போக முடியாவிட்டால், சிகிச்சையோடு சராசரி சம்பளத்தில் 90% கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் இந்த உரிமை உண்டு. சாதாரண உடல்நலக் குறைவு என்றால் 70%தான். அதற்கும் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாத சின்னக் கடை என்றால், இழப்பீடு தரும் பொறுப்பு நேரடியாக முதலாளிக்கு.

சிக்கல் எங்கே?

“எதுக்குப் பிரச்சினை? வீட்ல விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு” என்று சொல்லி, கையில் கொஞ்சம் பணம் கொடுப்பதில்தான். அந்த ஒரு பொய்யால் வேலையிட விபத்து வீட்டு விபத்தாகிவிடுகிறது. 90% போச்சு. பிற்காலத்தில் இடுப்பு நிமிரவில்லை என்றால் ஊனத்துக்கான உதவி கேட்கவும் ஆதாரம் இருக்காது.

எனவே விழுந்த அன்றே மேலாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். உடன் வேலை செய்பவர்கள் சாட்சிக்கு நிற்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் இது பெரிய செலவில்லை. ஒரு ஸ்டெப் ஏணி, ஃப்ரீசர் முன்னால் ரப்பர் மேட், சிந்தியதை உடனே துடைக்க ஒரு ஆள். வேலை நேரத்தில் உடைந்த எலும்புக்குக் கணக்கு காட்ட வேண்டியது கடைதான், விழுந்தவர் அல்ல.