அழிந்த படமும் அழியாத ஏடும்



கண்ணால் கண்டது நெஞ்சில் நிற்கும் என்பர். ஆனால் கண்ட காட்சியே பின்னர் உலகில் இல்லாமற் போய்விட்டால், நெஞ்சில் நின்றதை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது? இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்விக்கு விடை தருகிறது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதைகளைச் சிறுவர்க்காக மலிவுப் பதிப்பு நாவல்களாக எழுதித் தந்த சிலரின் வரலாறு அது. அந்நூல்களைப் பெரிய இலக்கியமென்று அன்று எவரும் போற்றவில்லை. எனினும் ஆயிரமாயிரம் சிறுவர்க்கு வாசிப்பில் சுவையூட்டியவை அவையே. இம்மாதம் அவற்றைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு உலகம் அதிர்ந்திருந்த மறுநாள் சனிக்கிழமை. அன்று மாலை பி.பி.சி. நிறுவனம் ‘டாக்டர் ஹூ’ என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. இதன் நாயகனுக்குப் பெயர் இல்லை. ‘டாக்டர்’ என்றே எல்லோரும் அழைப்பர். காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் அவருடைய ஊர்தி, வெளியிலிருந்து பார்த்தால் இலண்டன் தெருக்களில் அன்று நின்ற நீல நிறக் காவல் பெட்டி. உள்ளே நுழைந்தாலோ விரிந்த மாளிகை! ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆபத்தின் விளிம்பில் முடியும். அடுத்து நடப்பதை அறியக் குழந்தைகள் ஒரு வாரம் காத்திருப்பர். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து கண்ட தொடர் அது.

இவ்வளவு விரும்பிப் பார்க்கப்பட்ட தொடருக்கு நேர்ந்த கதி என்ன? ஒளிநாடா அந்நாளில் விலை மிகுந்தது. பழைய பதிவை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தத் தக்கது. நடிகர்களோடு செய்த ஒப்பந்தங்களோ மறு ஒளிபரப்புக்கு வரம்பு விதித்திருந்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்த பின் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவார் குறைந்தனர். வீட்டிலேயே படத்தைப் பதிந்து வைக்கும் கருவி பரவாத காலம். எனவே நாடாக்கள் அழிக்கப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுத்த படச்சுருள்களும் பல எறியப்பட்டன. முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 பகுதிகளுள் 90க்கும் மேற்பட்டவற்றின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. தீய எண்ணத்தால் எவரும் இதைச் செய்யவில்லை. இனி யாருக்கு இது வேண்டும் என்ற எண்ணமே இத்தனையையும் அழித்தது.

படம் போன இடத்தில் நின்றது எழுத்து. தொடரின் முதல் கதைப் பொறுப்பாளரான டேவிட் விட்டேக்கர், டாலெக் என்னும் கொடிய உயிர்களைப் பற்றிய கதையை 1964இல் நாவலாக்கினார். பின்னும் இரண்டு நூல்கள் வந்தன. பிறகு சில ஆண்டுகள் அமைதி. 1973இல் ‘டார்கெட்’ என்ற புதிய பதிப்பகம் அம்மூன்றையும் சிறுவர்க்கான மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டது. அவை விரைந்து விற்றன. மேலும் கதைகள் தேவைப்பட்டன. அப்போது தொடரின் கதைப் பொறுப்பிலிருந்த டெரன்ஸ் டிக்ஸ் அப்பணியை ஏற்றார். 1974 முதல் இருபது ஆண்டுக்காலத்துக்குள் 60க்கும் மேற்பட்ட கதைகளை அவர் ஒருவரே நாவலாக எழுதி முடித்தார்!

இந்த டிக்ஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கண்டிப்புக்குப் பெயர்போன திறனாய்வாளர் லீவிஸிடம் ஆங்கில இலக்கியம் பயின்றவர். அத்தகைய கல்வியுடையவர் சிறுவர் நூலைத் தாழ்வாக எண்ணவில்லை. எளிய சொல், சிறிய வாக்கியம், தடையற்ற ஓட்டம் ஆகியவையே அவர் கைக்கொண்டவை. நூலொன்று ஏறத்தாழ 128 பக்கம். பள்ளிச் சிறுவன் ஒருவன் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.

இவ்வேலை எளிதென்று நினைக்கலாகாது. நாடகப் பிரதியில் உரையாடல் உண்டு; காற்றும் இருளும் அச்சமும் அதில் இரா. அவற்றை எழுத்தாளன்தான் சேர்க்க வேண்டும். டிக்ஸ் எழுதிய முதல் நூலின் கதையில், கடைச் சன்னலில் ஆடை உடுத்தி நிறுத்திய பொம்மைகள் உயிர்பெற்றுத் தெருவில் இறங்குகின்றன. 1970இல் அதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, கண்ணாடி உடைவதைப் படமாக்கவில்லை; ஓசையை மட்டுமே கேட்கச் செய்தனர். புத்தகத்திற்கோ அந்த வறுமை இல்லை. ஆயிரம் கண்ணாடிகளை உடைக்கவும் ஒரு வரி போதும். உடைவதைக் காண்பது படிக்கும் பிள்ளையின் மனக்கண்.

எழுத்து இன்னும் ஆழமாகச் சென்றதும் உண்டு. மால்கம் ஹல்க் என்பவர், தாம் தொலைக்காட்சிக்கு எழுதிய கதையொன்றை 1974இல் நாவலாக்கினார். மனிதன் தோன்றுமுன் இவ்வுலகை ஆண்ட ஊர்வன இனம் ஒன்று, பேரழிவுக்கு அஞ்சிப் பூமிக்கடியில் உறங்குகிறது. மனிதர் குகையில் அமைத்த அணு ஆய்வு நிலையத்தால் அது விழித்தெழுகிறது. இரு இனத்தாரும் சமாதானமாக வாழ வழிகாண டாக்டர் முயல்கிறார். இராணுவமோ குகையை வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறது. தொலைக்காட்சியில் அவ்வுயிர்களுக்கு முதியது, இளையது என்பதற்கு மேல் பெயர் இல்லை. நாவலில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நூல் தொடங்குவதே அவை உறங்கச் செல்லும் காட்சியில், அவற்றின் கண்வழியாகத்தான். பெயர் தெரிந்த பின் ஒருவரை வெறும் பகைவரென்று தள்ளிவிட முடியுமா? நீதிபோதனை என்று சொல்லாமலே ஒரு பெரும் நீதியைச் சிறுவர் நெஞ்சில் விதைத்துவிட்டார் ஹல்க்.

அமெரிக்காவிலும் இத்தகைய பணி நடந்தது. ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் கதைகளை ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் சிறுகதைகளாகத் தொகுத்து வெளியிட்டார். ஒளிபரப்புக்கு முந்திய பிரதிகளைக் கொண்டு எழுதியமையால், அவர் கதைகள் சில இடங்களில் திரையிலிருந்து வேறுபட்டன. இவரே, இயேசு சபைக் குரு ஒருவரைக் கதைத் தலைவராக வைத்து, விசுவாசமும் அறிவியலும் மோதும் அரியதொரு நாவலை 1958இல் படைத்தவர் என்பது நம் வாசகர்க்கு வியப்பளிக்கும். உயர்ந்த நாவலை எழுதிய கையே தொலைக்காட்சிக் கதைகளையும் எழுதிற்று. 1975இல் அவர் மறைந்த பின், எஞ்சியிருந்த பணியை நிறைவேற்றியவர் அவருடைய மனைவியே.

இவையெல்லாம் இரவல் சரக்குத்தானே, பிள்ளைகள் நல்ல நூல்களைப் படிக்கலாகாதா என்று சிலர் கேட்பர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இந்நூல்களுள் அவசரத்தில் எழுதியவை உண்டு. உரையாடலை வரிசையாகக் கோத்ததோடு நின்றவையும் உண்டு. ஆயினும் ஏணியில் ஏறுகிறவன் முதற்படியை இகழ்வதில்லை. அந்நூல்களைப் படித்து வளர்ந்த ரஸ்ஸல் டேவிஸ், ஸ்டீவன் மோஃபட் ஆகிய இருவரும் பிற்காலத்தில் அதே தொடரை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தனர். 2018இல், தாங்கள் தொலைக்காட்சிக்கு எழுதிய கதைகளை, சிறுவயதில் கையில் பிடித்த அதே ‘டார்கெட்’ வரிசையில் நாவலாக்கித் தந்தனர். வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்திய மக்களைப் போல!

அழிந்தவற்றுள் 1964இல் ஒளிபரப்பான ‘மார்க்கோ போலோ’ என்ற கதையும் ஒன்று. நம் தமிழ்க் கடற்கரையைப் பற்றியும், மயிலையில் புனித தோமையார் கல்லறையைப் பற்றியும் எழுதிவைத்த அதே மார்க்கோ போலோதான் அதில் வருகிறார். ஏழு பகுதிகளில் ஒன்றின் படமும் இன்று இல்லை. ஆனால் அதை எழுதிய ஜான் லூக்கரோட்டியே 1980களின் நடுவில் அதை நாவலாக்கினார். மார்க்கோ போலோவின் பயணத்தை உலகம் அறிந்ததும் ஏட்டினால். இக்கதை நிலைத்ததும் ஏட்டினால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாளில் சில எளிய நேயர்கள், ஒளிபரப்பின்போது தம் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்துக் குரல்களைப் பதிந்து காத்தனர். அவர்கள் தயவால், காணாமற்போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று நம்மிடம் உள்ளது. 2013இல் நைஜீரியா நாட்டில் கிடைத்த ஒன்பது பகுதிகளின் படச்சுருள் பற்றிய செய்தி உலகெங்கும் மகிழ்ச்சி தந்தது. பெரிய நிறுவனம் வேண்டாமென்று எறிந்ததைச் சிறிய மனிதரின் அன்பு காத்து வைத்தது.

பெற்றோரே, இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. உங்கள் பிள்ளை திரையில் கண்ட கதையைப் புத்தகத்தில் தேடினால் தடுக்காதீர்கள். ‘இதுவும் ஒரு புத்தகமா?’ என்று ஏளனம் செய்யாதீர்கள். தெரிந்த கதை என்ற துணிவில்தான் பல பிள்ளைகள் முதல் முழு நூலைப் படித்து முடிக்கின்றனர். அடுத்த நூலைத் தேடும் கால்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு மாலை நேரம் அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து, திரையில் கண்டதற்கும் ஏட்டில் உள்ளதற்கும் வேறுபாடு என்ன என்று கேளுங்கள். அது சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்டு மகிழுங்கள்.

அத்துடன், உங்கள் இல்லத்தில் பாட்டி சொல்லும் கதைகளும், குடும்பம் கடந்துவந்த இன்ப துன்பங்களும் இனி யாருக்கு வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். 128 பக்கம் வேண்டியதில்லை. பத்துப் பக்கம் போதும்.