ஒற்றைப் பூட்ஸ்

காலேஜ் நாட்களில் லெண்டிங் லைப்ரரியில் ஒரு துப்பறியும் நாவல் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்!

நாவல், கானன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. கொடுத்த வாடகை வீணாகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். மாஜிக் ஷோவை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

1901 ஆகஸ்டிலிருந்து 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் தொடராக வந்த கதை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்கிற பொட்டல்வெளி. பாஸ்கர்வில் வம்சத்தை ஒரு பேய் நாய் துரத்துவதாகப் பரம்பரைக் கதை. பெரியவர் சார்ல்ஸ் செத்துக் கிடக்கிறார். சற்றுத் தள்ளி, பிரம்மாண்டமான நாயின் காலடித் தடம். சொத்துக்கு வாரிசான ஹென்றி கனடாவிலிருந்து லண்டன் வந்து இறங்குகிறார்.

வந்த இடத்தில், பாலிஷுக்காக ஹோட்டல் அறை வாசலில் வைத்த பூட்ஸில் ஒன்றைக் காணோம். புத்தம் புதுசு. ஒரு தடவைகூடக் காலில் போடவில்லை. ஒற்றைப் பூட்ஸை வைத்துக்கொண்டு திருடன் என்ன, நொண்டியா அடிப்பான்? நாம் சிரிக்கிறோம். அடுத்து, பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று போகிறது. ஹென்றி ஹோட்டல் சிப்பந்தியிடம் கத்துகிறார். அப்புறம் பார்த்தால், தொலைந்த புதுசு அவர் அறையிலேயே அலமாரிக்கு அடியில் கிடக்கிறது! இன்னும் சிரிக்கிறோம்.

ஹோம்ஸ் சிரிக்கவில்லை.

போடாத பூட்ஸில் ஆள் வாசனை கிடையாது. பழசில் உண்டு. வாசனை யாருக்கு வேண்டும்? நாய்க்கு. பேயாக இருந்தால் அதற்கு மோப்பம் எதற்கு ஸார்? ஆக, நாய் நிஜம். அதை ஏவுகிற ஆளும் நிஜம். கதை டார்ட்மூருக்குப் போவதற்கு முன்பே டாயில் இதை நம் கையில் கொடுத்துவிட்டார். காமெடி என்று நினைத்து நாம்தான் கீழே போட்டுவிட்டோம்.

அப்புறம் பயமுறுத்த ஆரம்பிக்கிறார். மூடுபனி, ஆதிமனிதர்களின் கல் குடிசைகள், ஜெயிலிலிருந்து தப்பிய கைதி, ராத்திரியில் ஒரு பெண்ணின் விசும்பல். கிரிம்பன் சதுப்பில் ஒரு குதிரைக்குட்டி அலறிக்கொண்டே முழுகுகிறது. நம் கண் முழுக்கக் குதிரை மேல். அந்தக் காட்சியிலேயே, பேச்சோடு பேச்சாக ஒரு தகவல் வந்து போகிறது. பெயர் தெரிந்து படித்த எனக்கு அங்கே தூக்கிவாரிப் போட்டது. முடிச்சே அங்கேதான் இருக்கிறது!

வர்ணனை என்றால் பக்கத்தை நிரப்புகிற சமாசாரம் என்று வேகமாகப் புரட்டுகிறவர்கள் கவனிக்கவும். டாயில் எதையும் ஒளிக்கவில்லை. ஒரு துப்பைச் சிரிப்பில் வைத்தார், இன்னொன்றைப் பயத்தில் வைத்தார். சிரிக்கும்போதும் பயப்படும்போதும் யார் யோசிக்கிறார்கள்?

வித்தை புரிந்தது சரி. ஆனால் முதல் தடவை ஏமாறுகிற சுகம் எனக்குக் கிடைக்கவே இல்லை. இனிமேல் எந்த லைப்ரரியிலும் கிடைக்காது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பர் தேடி எடுத்து அந்தப் பெயரைச் சுத்தமாக அழித்தேன். 'பூட்ஸைக் கவனி' என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

இன்றைக்கு உங்களிடம் உளறிவிட்டேன். மன்னிக்கவும். பெயரை மட்டும் கேட்காதீர்கள்.