வினாவோடு திரும்புவோம்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. கல்லூரிப் படிப்பைக் குறைத்துப் பேச விரும்புவோர் அதனை அடிக்கடி எடுத்தாள்வர். ஆனால், அப்பழமொழி ஏட்டை இகழவில்லை. ஏட்டோடு நின்றுவிடுவதையே இகழ்கிறது. ஏட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே பாதை அமைக்கும் முயற்சிகளுள் ஒன்று, தொழில்நுட்பப் பாடங்களையும் உள்ளகப் பயிற்சியையும் ஒரே பருவத்தில் இணைத்துக் கற்பிக்கும் முறை. மாணவர் சில பாடங்களை வகுப்பில் பயில்வர். அத்துடன் ஒரு நிறுவனத்திலோ தொழிற்கூடத்திலோ உண்மைப் பணியில் ஈடுபடுவர். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.

இம்முறை வரவேற்கத்தக்கது. எனினும், பயிற்சியின் பயன் நிறுவனத்துக்குச் செல்வதில் மட்டும் இல்லை. அங்கிருந்து ஒரு வினாவோடு வகுப்பறைக்குத் திரும்புவதில்தான் அது நிறைவு பெறுகிறது என்பது என் கருத்து.

ஒரு பெயர், மூன்று பதிவுகள்

கணினி அறிவியல் பயிலும் மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் திறவுகோல் ஒன்று வேண்டும் என்று அவர் வகுப்பில் கற்கிறார். பாடநூலில் உள்ள அட்டவணையில் பத்து வரிகள், பத்தும் பிழையற்றவை. தேர்வில் அவர் முழு மதிப்பெண் பெறுகிறார்.

பின்னர், மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குச் செல்கிறார். அங்கே 'க. முருகேசன்', 'முருகேசன் க.', 'கே. முருகேசன்' என மூன்று பதிவுகள் உள்ளன. மூவரும் ஒருவரா, வேறு வேறு ஆள்களா? குடும்பப்பெயரைக் கட்டாயம் எழுதுமாறு மென்பொருள் கேட்கிறது. நம்மவர்க்கோ தலைப்பெழுத்துதான் வழக்கம். தொலைபேசி எண்ணைக் கொண்டு பிரித்தறியலாம் என்றால், ஒரு வீட்டில் நால்வர்க்கும் ஒரே எண். இங்குத் தவறு நேர்ந்தால் ஒருவருக்குரிய மருந்துக் குறிப்பு மற்றொருவர் பதிவில் சேர்ந்துவிடும். 'ஒரு மனிதரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது?' என்னும் வினா அப்போதுதான் அவருள் பிறக்கிறது.

பயிற்சி இறுதிப் பருவத்தில் அமைந்திருந்தால், அவ்வினாவைச் சுமந்தவாறே அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். இடைப்பருவத்தில் அமைந்திருந்தால், அதனை ஆசிரியர்முன் வைப்பார். உடன் பயில்வோரும் அதனைக் கேட்பர். பழைய பாடம் புதிய பொருள் பெறும்.

மாறி மாறிப் பயின்ற முன்னோடிகள்

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் பேராசிரியர் 1906ஆம் ஆண்டில் 27 மாணவர்களுடன் கூட்டுறவுக் கல்வி முறையைத் தொடங்கினார். மாணவர் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வர். தொழிற்சாலையின் பணியும் நிற்கவில்லை. மாணவரின் படிப்பும் நிற்கவில்லை. செய்த பணிக்கு ஊதியமும் கிடைத்தது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957ஆம் ஆண்டில் தோன்றியபோதே இம்முறையைத் தன் அடித்தளமாகக் கொண்டது. அங்கே கூட்டுறவுக் கல்வி பெறுவோர்க்குப் படிப்பும் ஊதியத்துடன் கூடிய பணியும் நான்கு மாதப் பருவங்களாக மாறி மாறி வருகின்றன. நம் நாட்டில், இராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிட்ஸ் நிறுவனம் 1973ஆம் ஆண்டு முதல் தொழிலகப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் பகுதியாக நடத்திவருகிறது. கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பையும் தொழிலகப் பயிற்சியையும் இணைத்த ஐந்தாண்டுச் 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு பல்லாண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. சின்சினாட்டியும் வாட்டர்லூவும் தெளிவாகக் காட்டும் உண்மை ஒன்று உண்டு: பயிற்சி என்பது படிப்பு முடிந்தபின் ஒட்டவைக்கப்படும் வால் அன்று, படிப்பின் நடுவே ஓடும் நரம்பு.

சான்றிதழும் சான்றும்

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்துக்குப் பின்னர், திறன் பயிற்சி என்னும் சொல் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் அறிமுகமாகியுள்ளது. இது நல்ல மாற்றம். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. பயிற்சி கட்டாயம் என்றவுடன், கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் மட்டும் வழங்குவோரும் தோன்றிவிட்டனர். ஒரு நாளும் பணியிடத்தை மிதிக்காமலே பயிற்சியை 'முடித்தவர்' உண்டு. அவர் ஏமாற்றுவது கல்லூரியை அன்று, தம்மையே.

இதனைத் தடுக்க எளிய வழி உண்டு. சான்றிதழைக் கோப்பில் சேர்ப்பதோடு நிறுத்தாமல், திரும்பி வந்த மாணவரை வகுப்பின்முன் நிற்கச் செய்து, 'நீ கண்ட சிக்கல் யாது? எங்கே தவறினாய்? எந்தப் பாடம் உனக்குக் கைகொடுத்தது, எது கைவிட்டது?' என்று கேட்க வேண்டும். விலைக்கு வாங்கிய சான்றிதழ் இவ்வினாக்களுக்கு விடை சொல்லாது.

யாருக்கு எட்டும் கனி?

மற்றொரு சிக்கல் பொருளாதாரம் பற்றியது. ஊதியமின்றிச் சென்னையிலோ பெங்களூரிலோ ஆறு மாதம் தங்க எத்தனை குடும்பங்களால் இயலும்? விடுமுறை நாள்களில் வேலை செய்து கட்டணம் செலுத்தும் மாணவர்க்கு, ஊதியமற்ற பயிற்சி என்பது வாய்ப்பன்று, சுமை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர்க்கு உதவித்தொகை வழங்குவதைக் கடமையாக்குகிறது. அதே நெறியைக் கல்லூரிப் பயிற்சிக்கும் விரிவுபடுத்துவதே முறை. பெருநகர நிறுவனங்களை மட்டுமே நாடவும் வேண்டியதில்லை. திருப்பூரின் பின்னலாடை ஆலையிலும், ஓசூரின் இயந்திரக் கூடத்திலும், ஊரில் உள்ள கூட்டுறவுச் சங்கத்திலும் தொழில்நுட்பம் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் காத்திருக்கின்றன.

'மாணவரை நிறுவனங்கள் மலிவான பணியாளராகப் பயன்படுத்திக்கொள்ளும். அடிப்படைப் பாடங்களுக்கான காலமும் குறையும்' என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொய்யன்று. ஆசிரியர் பணியிடத்துக்கு நேரில் சென்று காண்பதும், மாணவர் கற்க வேண்டியவற்றை முன்கூட்டியே எழுத்தில் வரையறுப்பதும் அதற்குரிய காப்புகள். அடிப்படைப் பாடங்களைக் குறைத்து நடத்தும் பயிற்சியை நானும் ஏற்கவில்லை. வேர் இல்லாத மரத்துக்குக் காற்று நன்மை செய்யாது. அதனைச் சாய்க்கவே செய்யும்.

இன்னும் ஈராண்டில் நீங்கள் கல்லூரி வாயிலில் நிற்பீர்கள். அப்போது, 'இங்கு உள்ளகப் பயிற்சி உண்டா?' என்று மட்டும் கேளாதீர்கள். 'அது எந்தப் பருவத்தில் வருகிறது? உதவித்தொகை உண்டா? பயிற்சிக்குப் பின் எங்கள் வினாக்களைக் கேட்பவர் யார்?' என்றும் கேளுங்கள். வேலை தெரிந்தவர் நேற்றைய கருவியை நன்கு இயக்குவார். காரணமும் தெரிந்தவரோ நாளைய கருவியையும் ஆக்குவார். பணியிடம் வேலையைக் காட்டும். வகுப்பறை காரணத்தைக் காட்டும். இரண்டுக்கும் இடையே வினாவோடு நடப்பவரே கற்றவர்.