ஒத்திகையும் ஒரு பந்திதான்

நம் கல்லூரிகளில் எந்த விழாவும் ஒரு நாடகத்தோடுதான் தொடங்குகிறது என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கும். எழுந்து நின்று நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரப் பகுதியன்றோ! 1990இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகமும் அந்நாடகத்தின் பெயரை அதன் ஆசிரியர் பெயரோடு சேர்த்தே தாங்கி நிற்கிறது. இத்தனை பெருமை வாய்த்த மண்ணில் கல்லூரி நாடகத்துக்குக் கிடைப்பது என்ன? ஆண்டு விழா மாலையில், பரிசளிப்புக்கும் திரையிசை நடனத்துக்கும் இடையே ஒரு கால் மணி நேரம்.

நேரம் போதவில்லை என்பதன்று நம் குறை. அந்தக் கால் மணி நேரம் எவ்வாறு உருவாகிறது என்பதே நம் கேள்வி. எவரோ எழுதிய உரையாடலை, வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட பயிற்றுநர் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல குரலும் எடுப்பான தோற்றமும் உள்ள நால்வர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். நாற்காலி சுமப்பதும் திரை இழுப்பதும் வேறு சிலரின் வேலை. யார் அரசன், யார் காவலன் என்பது எவரும் வாய் திறந்து சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. நாடகத்தின் கருப்பொருளோ, பெரும்பாலும் சமத்துவம்! வென்ற கேடயம் முதல்வர் அறையின் கண்ணாடிப் பேழைக்குள் போய்ச் சேர்கிறது. இதனைக் கலைப் பயிற்சி என்று அழைக்க நாம் உடன்படவில்லை.

இதைச் சொல்லுவதற்குச் சேரன்மகாதேவியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இவ்வூரில்தான் நடந்தது. தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, நாட்டுப்பற்று ஆகிய உயர்ந்த நோக்கங்கள் அதற்கு இருந்தன. தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐந்தாயிரம் வழங்கியது. ஆயினும் பிராமண மாணவர் இருவருக்கு அங்கே தனிப்பந்தி நடந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இரு பந்தி ஏன் என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி, 1924-25இல் தமிழகத்தையே உலுக்கியது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்த ஐயரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. நல்லவர் நடத்திய நல்ல பள்ளியிலும் பந்தி பிரிந்திருந்தால், பாடம் அனைத்தும் பொய்யாகிவிடும் என்பதையே நினைவூட்டுகிறோம்.

பந்தி ஒன்றாகி நெடுநாளாயிற்று என்பீர்கள். அங்ஙனமாயின், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் பயின்ற மாணவர்களே ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியது எப்படி? அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கட்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நல்லதே. கயிற்றைக் கழற்ற ஓர் ஆணை போதும். கழற்றிய கைகள் ஒன்றையொன்று பற்றுவதற்குப் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். கூட்டு நாடகத்தின் ஒத்திகைக் கூடம் அத்தகைய இடம். அங்கே ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்கியாக வேண்டும். ஒருவர் மறந்த சொல்லை மற்றவர் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பத்தமடையிலிருந்து வருபவளும் வீரவநல்லூரிலிருந்து வருபவனும் தாயும் மகனுமாக நிற்க வேண்டும்.

இது வெறுங்கனவன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ எனக் கூத்துகளை மாணவரைக் கொண்டே மேடையேற்றினார். பட்டப்படிப்பு மாணவர் மட்டக்களப்பு அண்ணாவியாரிடம் ஆட்டம் பயின்றனர். கற்றோர் ஏளனம் செய்த கூத்துக்கும் அதனைக் காத்த எளியோருக்கும் பல்கலைக்கழகத்தில் மதிப்புக் கிடைத்தது. 1985இல் போர்ச் சூழலின் நடுவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனிய’ரை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அவர்கள் கேடயத்துக்காக நடிக்கவில்லை.

படிப்புக் கெடும் என்று நம்மவர் அஞ்சுவர். ஒரு பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் எந்தப் பட்டத்தையும் கெடுத்துவிடாது. கலந்து பழகினால் பூசல் வரும் என்பர் வேறு சிலர். வரட்டும். ஆசிரியர் முன்னிலையில், ஒரு காட்சியை முன்னிட்டு, வார்த்தைகளால் வரும் பூசல் பேருந்து நிலையத்தில் அரிவாளோடு வரும் பூசலினும் மேலானது. பேசாதிருந்தால் ஆறிவிடும் என்ற எண்ணமே நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே நாம் வேண்டுவன சில. ஒத்திகை கல்லூரி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு வைத்தால், முக்கூடலில் பீடி சுற்றும் தாயிடம் இருட்டுமுன் திரும்ப வேண்டிய மாணவி அங்கேயே விலக்கப்படுகிறாள். எழுதிய நாடகத்தைக் கையில் கொடாமல், மாணவரே பேசி, நடித்துப் பார்த்து, காட்சிகளை அமைக்கட்டும். பாத்திரங்கள் ஒத்திகைதோறும் மாறிமாறி வரட்டும். துடைப்பமும் அவ்வாறே மாறிமாறி வரட்டும். ஆசிரியர் கேட்பவராக இருக்கட்டும். போட்டியும் பரிசும் சில ஆண்டுகள் ஒதுங்கி நிற்கட்டும்.

முதல் நாடகத்துக்குக் கருப்பொருள் தேடி எங்கும் அலைய வேண்டா. சேரன்மகாதேவிக் குருகுலத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிப்பந்தியில் உண்ட சிறுவனாக யார் அமர்வது, வெளியே நின்று பார்த்த சிறுவனாக யார் நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் இடம் மாறி அமருங்கள். நூறாண்டுக்கு முன் இவ்வூர் எழுப்பிய கேள்விக்கு, இவ்வூரின் பிள்ளைகள் தங்கள் உடலாலும் குரலாலும் விடை தேடட்டும். அதற்கு ஒரு கூடத்தின் திறவுகோலையாவது தர நம் கல்லூரிகள் முன்வருமா?