ஆமைக்கும் கொஞ்சம் வெயில் கொடுங்கள்

வீட்டில் ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமை வளர்க்கிற யாரிடமாவது, "வெயில் காய விளக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "சென்னை வெயிலுக்கு விளக்கு வேறயா? ஏசி வேணா போடலாம்!" என்று சிரிப்பார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

"தண்ணி மாத்துங்க, தீனி போடுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கண்ணாடித் தொட்டியை ஹாலில் ஜன்னல் ஓரமாக வைத்தேன். சில மாதங்களில் ஓடு அமுங்க ஆரம்பித்தது. தீனியைத் தொடவில்லை. டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வாங்கும் முன் படித்திருக்க வேண்டியது நான்.

ஆமையால் நம்மைப் போல உடம்புக்குள்ளேயே போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வரும். போதுமென்றால் தண்ணீருக்குள் போகும். தின்றது செரிக்கவே அந்தச் சூடு வேண்டும். ஆக, அறை எவ்வளவு சூடு என்பதல்ல கேள்வி. ஆமைக்குத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறதா என்பதுதான். தண்ணீர் 25 டிகிரி போல இருக்கட்டும். உடம்பு முழுக்கக் காய்கிற மாதிரி ஒரு மேடை, அதன் மேல் 32 முதல் 35 டிகிரி. சூடு மேலிருந்து வர வேண்டும், சூரியன் மாதிரி. அடியில் வைக்கிற மின்சாரச் சூட்டுக்கல் வேண்டாம், வயிறு வெந்துவிடும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

சூடு மட்டும் போதாது. வெயிலில் உள்ள யூவிபி கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடுகிறது. என் ஆமைக்கு வெளிச்சம் கிடைத்தது, வெயில் கிடைக்கவில்லை! யூவிபி விளக்கிலும் ஒரு விஷயம்: எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக ஆகக் கதிர் குறைந்துவிடும். கம்பெனி சொல்கிற காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

விளக்குக்குக் காசு இல்லையா? மொட்டை மாடியில் காலை வெயில் இலவசம். ஆனால் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே வெந்தே போகும். அகலமான டப்பில் பாதி நிழல், கொஞ்சம் தண்ணீர், காக்காய்க்கும் பூனைக்கும் பயந்து மேலே ஒரு வலை, பக்கத்தில் நீங்கள்.

ஆமையை விட அதன் விளக்குக்கு அதிகம் செலவாகும் என்பது உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன்: இதெல்லாம் முடியாதென்றால் வாங்காதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய ஜீவன் அது. அலுத்துப்போய்க் குளத்தில் விடவும் கூடாது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

என் காலித் தொட்டி இன்னும் பரணில் இருக்கிறது. விளக்கு வாங்கக் காசு சேர்ந்த பிறகுதான் அதைக் கீழே இறக்குவேன்.