கிரைண்டருக்கு ஒரு பொறுப்பாளர்

கேமரன் மலையில் கியா பார்ம் பக்கம் தோட்டப் பட்டறைகளில் வெல்டிங் செட்டுக்கு என்று ஓர் ஆள் இருப்பார். லேத் இருந்தால் அதற்கும் ஓர் ஆள் உண்டு. மற்றவர்கள் அதில் கைவைக்க மாட்டார்கள். மூலையில் மேசையோடு முடுக்கிவைத்த பெஞ்ச் கிரைண்டருக்கு மட்டும் ஆள் கிடையாது. பாராங் கத்தி தீட்ட வருபவர், சங்கோல் மண்வெட்டிக்கு விளிம்பு எடுக்க வருபவர், பழைய லேண்ட் ரோவரின் போல்ட்டைத் தேய்க்க வரும் பையன் என்று எல்லோரும் சுவிட்சைத் தட்டுகிறார்கள். கல் தேய்ந்ததா, மூடி ஆடுகிறதா என்று பார்ப்பது யார் வேலையும் இல்லை. கிரைண்டர் விபத்துகளுக்கு அங்கேதான் வித்து விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சின்ன இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று. கல்லின் விளிம்பு மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் விரலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வாரக் கடைசியில் கியா பார்ம் சந்தைச் சாலையில் எந்த வண்டியும் ஓட முடியாத வேகம் அது. இந்தச் சாணைக்கல், அரைக்கும் துகள்களைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் சுட்டு எடுத்தது. அது வளைந்து கொடுக்காது. உள்ளே விரிசல் இருந்தால் ஓடும்போது துண்டு துண்டாகத் தெறிக்கும்.

அதனால் கல் மாற்றும் வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கல்லின் மேல் ஒட்டிய தாளில் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று போட்டிருக்கும். மோட்டார் தகட்டில் உள்ள எண் அதைவிடக் கூடக் கூடாது. பிறகு கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கல்லைத் திருப்பித் திருப்பி நாலைந்து இடங்களில் தட்ட வேண்டும். ‘டங்’ என்று மணிச் சத்தம் வந்தால் நல்ல கல். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு, கற்களை உலர்ந்த அலமாரியில் வைப்பது நல்லது. ஈரக் கல்லைத் தட்டினால் சத்தமும் சரியாகத் தெரியாது.

மாட்டும்போது இரண்டு பக்கமும் காகித வாஷர் இருக்க வேண்டும். இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழ் என்பதை மறந்து பலம் போட வேண்டாம். மூடியைப் பூட்டி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கெட்ட கல் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லுக்கும், பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மேலே மூடியின் நாக்குத் தகடு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கல் தேயத் தேய இந்த இடைவெளி அகலமாகும். அகன்றால் பாராங்கின் நுனியோ போல்ட்டோ உள்ளே இழுபடும். கூடவே விரலும் போகும், கல்லும் உடையும். ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் இருந்தால் சரி செய்துவிடலாம். ஆளில்லாத இயந்திரத்துக்கு அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

மலைக்கு என்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. அது குளிர். விடிகாலை வேலைக்கு வருபவர் தொளதொளத்த ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், கையில் கம்பளிக் கையுறை என்று வருவார். ஓடும் கல்லுக்கு ஒரு நூல் அகப்பட்டால் போதும், கையையும் சேர்த்து இழுத்துவிடும். கிரைண்டர் முன்னால் மஃப்ளரும் கையுறையும் கூடவே கூடாது. ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் இறுக்கி மடித்துவிட வேண்டும். இரும்பு சுடுகிறதா? பக்கத்தில் தண்ணீர் டப்பா வைத்து அடிக்கடி நனையுங்கள். நீலம் பாய்ந்த பாராங் எப்படியும் கூர் நிற்காது.

பாதுகாப்புக் கண்ணாடி போட ‘ஒரு நிமிட வேலைதானே’ என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கண்ணில் தைத்த இரும்புத்தூள் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துணி நுனியால் நோண்டாமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஈப்போ வரை இறங்க வேண்டும். இன்னும் சில எச்சரிக்கைகள்: அலுமினியத்தை இந்தக் கல்லில் தேய்க்காதீர்கள். கல்லின் துளைகளை அடைத்துச் சூடேற்றி விரிசல் விட வைக்கும். கல்லின் பக்கவாட்டிலும் தேய்க்கக் கூடாது. பாகம் கழுவும் பெட்ரோல் தட்டு, பொறி பறக்கும் இடத்துக்குக் கிட்டவே வரக் கூடாது.

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது? மலேசியச் சட்டமும் இப்போது அதைத்தான் கேட்கிறது. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் முதலாளி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், விலகி நிற்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ புதிதாக வந்து நிற்கும் பையனுக்கும் அந்த உரிமை உண்டு என்பதை, அவனுக்குப் புரியும் மொழியில் நாம்தான் சொல்ல வேண்டும்.

தோட்ட நிர்வாகிகளுக்கும் காய்கறிப் பண்ணை முதலாளிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இந்த வாரமே உங்கள் பட்டறைக் கிரைண்டருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் பெயரைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். கண்ணாடியை அதன் கீழே ஆணியில் மாட்டுங்கள். அவர் ‘ஓட்டாதே’ என்றால் முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடக் கூடாது.